ஈவென்ட்டை அசிங்க் ஆக்கினால் லேக் போய்விடுமா?

ஜூன் 4, மாலை

கேள்வி: மைன்கிராஃப்ட் சர்வருக்கு நிலப் பாதுகாப்பு பிளகின் (சர்வரோடு சேர்க்கும் கூடுதல் நிரல்) ஒன்று எழுதுகிறேன். யாராவது பிளாக்கை உடைத்தால், அந்த இடம் யார் பேரில் இருக்கிறது என்று டேட்டாபேஸில் பார்ப்பேன். உடைப்பவர் பேரில் இல்லையென்றால் அந்த ஈவென்ட்டை ("உடைக்கப் போகிறார்" என்று சர்வர் தரும் சேதி) கேன்சல் செய்வேன். ஆள் கூடக் கூட லேக் (ஆட்டம் திணறுவது) தாங்கவில்லை. "அசிங்க் ஆக்கிவிடு", அதாவது காத்திருக்காமல் பின்னணியில் ஓடவிடு, என்று எல்லாரும் சொன்னதால் லிஸனருக்குள் (ஈவென்ட் வரும்போது ஓடும் கோடு) இருந்த மொத்தத்தையும் ரன்டாஸ்க்அசிங்க்ரனஸ்லிக்குள் தூக்கிப் போட்டேன். லேக் போய்விட்டது. ஆனால் இப்போது யார் வேண்டுமானாலும் யார் நிலத்தையும் உடைக்கிறார்கள். கன்சோலில் ஒரு எரர்கூட இல்லை. ஈவென்ட்டைக் கேன்சல் செய்யும் செட்கேன்சல்டு ஏன் எடுபடவில்லை?

ஜூன் 4, இரவு

செட்கேன்சல்டு ஓடியிருக்கிறது. அது ஓடுவதற்குள் சர்வர் அந்த ஈவென்ட்டை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது.

பிளாக்பிரேக்ஈவென்ட் என்பது சர்வர் பிளகின்களிடம் கேட்கிற கேள்வி: "இதை உடைக்கவிடலாமா?" பக்கெட்டில் (பிளகின்கள் சர்வரோடு பேசும் ஏபிஐ) சர்வர் கால்ஈவென்ட் கூப்பிட்டதும் லோயஸ்ட் என்ற முன்னுரிமையில் தொடங்கி மானிட்டர் வரை ஒவ்வொரு லிஸனராக, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று வரிசையாக ஓடும். கடைசி லிஸனர் திரும்பியவுடன் சர்வர் இஸ்கேன்சல்டு (கேன்சல் ஆகியிருக்கிறதா) பார்க்கும். பொய் என்றால் பிளாக் போச்சு. உங்கள் லிஸனர் என்ன செய்தது? ஒரு டாஸ்க்கைப் போட்டுவிட்டு உடனே திரும்பிவிட்டது. டாஸ்க் பின்னால் ஓடி, பதில் வந்து, கொடியை மாற்றியபோது அந்த ஈவென்ட் ஆப்ஜெக்ட்டைப் பார்க்க யாரும் இல்லை. வண்டி போன பிறகு கேட்டை மூடுகிற மாதிரி. ஜாவாவுக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது, அதனால்தான் எரரும் வரவில்லை.

லேக்குக்கு வருவோம். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 டிக் (உலகத்தை ஒரு படி நகர்த்தும் சுற்று) ஓடுகிறது. ஒரு டிக்குக்குக் கிடைப்பது 50 மில்லிசெகண்ட். உலகம், மிருகங்கள், ரெட்ஸ்டோன், எல்லா பிளகினும் அந்த 50-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒரு டேட்டாபேஸ் கேள்விக்கு 5 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே டிக்கில் பத்துப் பேர் பிளாக் உடைத்தால் மொத்த டிக்கும் உங்கள் பிளகினுக்கே சரியாகிவிடும். ஆக, லேக் பற்றிய உங்கள் சந்தேகம் சரி. மருந்துதான் வேறு.

பதிலை முன்கூட்டியே மெமரியில் வைத்திருங்கள். ஒரு நிலம் என்பது ஒரு யூயூஐடியும் (பிளேயரின் மாறாத அடையாள எண்) நான்கைந்து எண்களும்தான். பத்தாயிரம் நிலங்களை ஏற்றினாலும் மெமரிக்கு அது ஒன்றுமே இல்லை. சர்வர் தொடங்கும்போதே மொத்தத்தையும் ஏற்றி, சங்க்கின் (உலகத்தின் ஒரு சதுரத் துண்டு) எக்ஸ், இஸட் இரண்டையும் ஒரே லாங் எண்ணாகச் சேர்த்து அதை மேப்பின் (சாவி கொடுத்தால் மதிப்பைத் தரும் பட்டியல்) சாவி ஆக்குங்கள். லிஸனருக்குள் ஒரே ஒரு மேப் தேடல். மைக்ரோசெகண்ட் கணக்கில் முடியும், சிங்க்காகவே (அங்கேயே, அப்போதே) இருக்கலாம். நிலம் வாங்குவது, விற்பது போன்ற மாற்றங்களை மட்டும் அசிங்க்காக டேட்டாபேஸில் எழுதுங்கள்.

ஜூன் 4, இன்னும் கொஞ்ச நேரம் கழித்து

விட்டுப்போனது: மொத்தமாக ஏற்றாமல் சங்க் லோட் ஆகும்போது ஏற்றுகிற வழியில் போனால், தகவல் வந்து சேராத சங்க்குக்கு என்ன பதில் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். "தெரியாது" என்றால் தடுப்பதுதான் என் கட்சி. அரை நொடி பிளாக் உடையவில்லை என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். வீடு காணாமல் போனால் வருவார்கள்.

ஜூன் 6

ஒருவர் கேட்கிறார்: அப்படியானால் அசிங்க்பிளேயர்சாட்ஈவென்ட் என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் டேட்டாபேஸில் தேடி, காத்திருந்து, கேன்சலும் செய்கிறோமே, அது மட்டும் எப்படி எடுபடுகிறது?

நல்ல கேள்வி. ஈவென்ட்டே அசிங்க்காக வருவது ஒன்று, சிங்க் ஈவென்ட்டுக்குள் இருந்து நாம் ஓர் அசிங்க் டாஸ்க்கைக் கிளப்புவது வேறொன்று. முதலாவதில் லிஸனர்கள் எல்லாம் மெயின் திரெட்டுக்கு (டிக்கை ஓட்டும் முதன்மை வேலைத்தொடர்) வெளியே ஓடுகின்றன. சர்வரும் அங்கேயே காத்திருந்து பதில் வாங்கிக்கொள்கிறது. எனவே கேன்சல் எடுபடும். நீங்கள் தாமதித்தால் அந்தச் சாட் செய்தி தாமதமாகும், டிக் தப்பிக்கும். 1.3 பதிப்பு வந்தபோது, 2012-இல், பழைய பிளேயர்சாட்ஈவென்ட்டை ஓரம்கட்டி இதைக் கொண்டு வந்தார்கள்.

ஆனால் பேரில் அசிங்க் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். இந்த ஈவென்ட் சில சமயம் சிங்க்காகவும் வரும் என்று ஏபிஐ ஆவணமே சொல்கிறது. பிளேயர் தட்டிய செய்தி பாக்கெட்டாக வந்தால் அசிங்க். வேறொரு பிளகின் பிளேயர்.சாட் என்று கூப்பிட்டுப் பேசவைத்தால் சிங்க். ஒரு சர்வரில் இதை நேரிலேயே பார்த்தேன். சாட்டில் கெட்ட வார்த்தை வடிகட்டும் பிளகின் ஒவ்வொரு செய்தியையும் வெளியே ஒரு சேவைக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கும். மாதக்கணக்கில் பிரச்சினையே இல்லை. பிறகு யாரோ ஒரு மெனு பிளகின் போட்டார்கள். அதில் பட்டனை அழுத்தினால் பிளேயர் பேரில் ஒரு செய்தி சாட்டில் போகும். பட்டன் அழுத்தும் ஒவ்வொரு முறையும் உலகம் மொத்தமும் உறைந்து நின்றது: மாடு நடுவில் நிற்கிறது, விழுந்தவர் காற்றில் தொங்குகிறார். எல்லாரும் மெனு பிளகினைத்தான் சந்தேகப்பட்டார்கள். வடிகட்டியில் இஸ்அசிங்க்ரனஸ் பார்த்து வழியைப் பிரித்ததும் சரியானது.

இன்னொன்று. அசிங்க் ஈவென்ட்டுக்குள் காத்திருக்கலாம், ஆனால் உலகத்தைத் தொடக் கூடாது. பிளாக் வைப்பது, மிருகத்தை வரவழைப்பது, டெலிபோர்ட் எல்லாம் மெயின் திரெட்டின் சொத்து. ஸ்பிகாட் என்ற சர்வர் மென்பொருளில் இதற்கென்றே ஒரு காவல் உண்டு. என்டிட்டியை (மிருகம், பிளேயர் போன்றவை) சேர்க்கப் போனால் "அசிங்க்ரனஸ் என்டிட்டி ஆட்!" என்று கத்திவிட்டு எக்ஸெப்ஷன் எறியும். எறிந்தால் நல்லதுதான், இடம் தெரிந்துவிடும். காவல் இல்லாத இடத்தில் தொட்டால்தான் ஆபத்து. எப்போதோ ஒரு நாள் கன்கரன்ட்மாடிஃபிகேஷன்எக்ஸெப்ஷன் (படித்துக்கொண்டிருக்கும்போதே பட்டியல் மாறிவிட்டது என்ற எரர்) வரும், அதுவும் உங்கள் கோடில் வராது, சர்வரின் சொந்தக் கோடில் வரும்.

ஜூன் 7

பிளேயர் உள்ளே வருவதற்கு முன் வரும் அசிங்க்பிளேயர்பிரீலாகின்ஈவென்ட் பற்றித் தனியாக எழுத வேண்டும். பிளேயர் தகவலை ஏற்ற இதைவிட நல்ல இடம் கிடையாது. பேர், யூயூஐடி, ஐபி மூன்றும் கையில் இருக்கும். பிளேயர் ஆப்ஜெக்ட் இன்னும் பிறக்கவில்லை. அங்கே நீங்கள் காத்திருந்தால் அந்த ஒருவரின் லாகின் மட்டும் தாமதமாகும். டேட்டாபேஸ் படுத்துவிட்டால் டிஸ்அலோ போட்டு, "கொஞ்சம் கழித்து வாருங்கள்" என்று திருப்பி அனுப்பலாம். காலி இன்வென்டரியோடு (பிளேயர் வைத்திருக்கும் பொருள்கள்) உள்ளே விட்டு, அந்தக் காலியையே பிறகு சேமித்து, இருந்ததையும் அழிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இதில் ஒரு பொறி உண்டு. பிரீலாகின் தாண்டியவர் எல்லாரும் ஜாயின் ஆவதில்லை. சர்வர் நிரம்பியிருக்கலாம், வேறொரு பிளகின் தடுத்திருக்கலாம், நடுவில் இணைப்பு அறுந்திருக்கலாம். அவர்களுக்கு ஜாயின் ஈவென்ட் வராது, அதனால் குவிட் ஈவென்ட்டை நம்பியும் கேஷை (மெமரியில் ஏற்றிவைத்ததை) சுத்தம் செய்ய முடியாது. ஏற்றியதை நேரக் கெடுவோடு வையுங்கள். கெடுவுக்குள் ஜாயின் வரவில்லை என்றால் தூக்கிவிடுங்கள்.

ஜூன் 9

"எல்லாவற்றுக்கும் சிங்க்ரனைஸ்டு போட்டுவிட்டால் முடிந்தது" என்று ஒரு பதில் வந்திருக்கிறது (அது ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் உள்ளே விடும் லாக், அதாவது பூட்டு). முடியாது. அசிங்க் திரெட் ஒரு லாக்கைப் பிடித்துக்கொண்டு டேட்டாபேஸுக்குக் காத்திருக்கிறது. அதே லாக்கை மெயின் திரெட் கேட்கிறது. இப்போது மெயின் திரெட்டும் டேட்டாபேஸுக்குத்தான் காத்திருக்கிறது, நடுவில் ஒரு ஆள் நிற்கிறார் என்பதுதான் வித்தியாசம்.

இதைவிட மோசமானது முழு டெட்லாக். அசிங்க் திரெட் லாக்கைப் பிடித்தபடி கால்சிங்க்மெத்தட் கூப்பிட்டு (மெயின் திரெட்டிடம் ஒரு வேலை கொடுத்து), அதன் ஃபியூச்சர் (பின்னால் வரப்போகும் பதில்) மேல் கெட் போட்டுக் காத்திருக்கிறது. அந்த வேலையை மெயின் திரெட் செய்தால்தான் இது நகரும். மெயின் திரெட்டோ ஒரு லிஸனருக்குள் அதே லாக்குக்காக நிற்கிறது. இரண்டும் நகராது. கம்ப்ளீட்டபிள்ஃபியூச்சர் ஒன்றின் மேல் மெயின் திரெட்டிலேயே ஜாயின் போட்டுக் காத்திருந்து, அந்த ஃபியூச்சர் முடிய மெயின் திரெட்டில் ஓடும் ஒரு ரன்டாஸ்க் தேவை என்றாலும் இதே கதை. அதற்கு லாக்கே வேண்டாம், ஒரு திரெட் தன்னையே கட்டிப்போட்டுக்கொள்ளும்.

ஸ்பிகாட்டின் வாட்ச்டாக் இந்த இடத்தில் உதவும். இயல்பாக 60 நொடி பதில் இல்லையென்றால் எல்லா திரெட்களின் நிலையையும் கொட்டிவிட்டு சர்வரை நிறுத்தும். அந்த நீளமான பதிவைப் பார்த்து மலைக்க வேண்டாம். "சர்வர் திரெட்" என்று தொடங்கும் பகுதியைத் தேடுங்கள். நிலை பிளாக்டு என்றால் லாக் சண்டை, எந்த லாக் என்று கீழேயே இருக்கும். வெயிட்டிங் என்றால் பெரும்பாலும் ஃபியூச்சர். அதற்குக் கீழே மேலிருந்து படித்துக்கொண்டே வந்து, உங்கள் பேக்கேஜ் பேர் முதலில் எங்கே தெரிகிறதோ அந்த வரியைத் திறந்து பாருங்கள். முக்கால்வாசி நேரம் குற்றவாளி அங்கேதான் இருப்பான்.

ஜூன் 12

4-ஆம் தேதி "மாற்றங்களை அசிங்க்காக எழுதுங்கள்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனேன். நிலத்துக்கு அது போதும். காசுக்கும் இன்வென்டரிக்கும் போதாது. இந்த இழையைப் படிப்பவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போகாமல் இருக்க விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வரிசை. ஒரு பிளேயரின் இருப்பு 100, உடனே 90 ஆகிறது. இரண்டுக்கும் தனித்தனி அசிங்க் டாஸ்க். இரண்டும் வேறு வேறு திரெட்டில் ஓடும். எது முதலில் போய்ச் சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 90 முதலில் எழுதப்பட்டு 100 பின்னால் வந்தால், செலவழித்த பணம் திரும்பக் கிடைத்துவிடும். எழுதுவதற்கென்று ஒரே திரெட் உள்ள எக்ஸிகியூட்டர் (டாஸ்க்குகளை வாங்கி வரிசையாக ஓட்டுவது) வைப்பது எளிய வழி. டேட்டாபேஸ் எஸ்கியூலைட் என்றால் அதையே செய்யுங்கள். எப்படியும் அது ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் எழுதவிடும்.

இரண்டாவது, படம் எடுக்கிற நேரம், அதாவது அந்தக் கணத்தின் நகலை எப்போது எடுப்பது என்பது. குவிட் ஈவென்ட்டில் பிளேயர் ஆப்ஜெக்ட்டை அப்படியே அசிங்க் டாஸ்க்குக்குக் கொடுத்து, அங்கே போய் இன்வென்டரியை எடுக்க கெட்கன்டென்ட்ஸ் கூப்பிடுகிற கோடு நிறையப் பார்க்கிறேன். திரும்பி வருகிற ஐட்டம்ஸ்டாக் பல சமயம் நகல் கிடையாது, சர்வரின் உள் ஆப்ஜெக்ட்டைக் காட்டும் கண்ணாடி. மெயின் திரெட்டில் இருக்கும்போதே ஒவ்வொன்றையும் குளோன் செய்து, அந்த நகலைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். நகல் எடுப்பது நொடிப்பொழுது வேலை. அதைச் சேமிக்கும் வடிவுக்கு மாற்றி எழுதுவதுதான் நேரம் பிடிக்கும், அதை அசிங்க்காகச் செய்யலாம்.

மூன்றாவதுதான் பெரியது. ஒரு பிராக்ஸிக்கு (பிளேயர்களை சர்வருக்கு சர்வர் மாற்றிவிடும் நடுவாள்) பின்னால் இரண்டு சர்வர், இன்வென்டரி இரண்டுக்கும் பொது. முதல் சர்வரில் ஒருவர் தன் வைரங்களைத் தரையில் கொட்டுகிறார், அவருடைய நண்பர் பொறுக்கிக்கொள்கிறார். கொட்டியவர் உடனே இரண்டாவது சர்வருக்குத் தாவுகிறார். முதல் சர்வர் அசிங்க்காகச் சேமித்துக்கொண்டிருக்கிறது. அது முடிவதற்குள் இரண்டாவது சர்வரின் பிரீலாகின் பழைய வரியைப் படித்துவிடுகிறது. அதில் வைரங்கள் அப்படியே இருக்கின்றன. நண்பரிடமும் இருக்கின்றன. டூப் என்று இதைத்தான் சொல்வார்கள். இதைக் கண்டுபிடிக்கிற பிளேயர்களுக்கு ஜாவா தெரியாது, ஆனால் எந்த நேரத்தில் தாவ வேண்டும் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும்.

தீர்வு டேட்டாபேஸ் வரியிலேயே இருக்க வேண்டும். "இந்த பிளேயர் இப்போது எந்த சர்வரின் கையில்" என்று ஒரு கட்டம் வையுங்கள். ஏற்றும்போது அதைப் பிடிக்க வேண்டும், சேமிக்கும்போது அதே எழுத்தோடு விட வேண்டும், எழுதுவதும் விடுவதும் ஒரே டிரான்சாக்ஷனில் (முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காது). இரண்டாவது சர்வர் பிரீலாகினில் கட்டம் காலியாகும்வரை கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும். மெயின் திரெட் இல்லாததால் காத்திருப்பதில் பாவம் இல்லை. ஒரு வரம்புக்குள் காலியாகவில்லை என்றால் உள்ளே விடாதீர்கள். சர்வர் கிராஷ் ஆனால் கட்டம் பிடித்தபடியே நின்றுவிடும் என்பதால், சர்வர் மீண்டும் தொடங்கும்போது தன் பேரில் உள்ளவற்றை அதுவே விடுவிக்க வேண்டும்.

ஜூன் 13

ஒரே சர்வர்தான் என்பவர்களுக்கு டேட்டாபேஸ் கட்டம் வேண்டாம். யூயூஐடியையும் நடந்துகொண்டிருக்கும் சேமிப்பின் ஃபியூச்சரையும் இணைத்து ஒரு கன்கரன்ட்ஹேஷ்மேப் (பல திரெட் ஒரே நேரத்தில் தொட்டாலும் கெடாத மேப்). பிரீலாகினில் அதைப் பார்த்து, இருந்தால் முடியும்வரை காத்திருந்து, பிறகு ஏற்றுங்கள். வெளியே போய் உடனே உள்ளே வருபவருக்கு இதுவே போதும்.

ஜூன் 15

சோர்ஸ்மாட் (சோர்ஸ் எஞ்சின் விளையாட்டு சர்வர்களுக்கான பிளகின் அமைப்பு) பக்கம் வேலை செய்பவர் ஒருவர், "எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை, திரெடட் குவெரியின் கால்பேக் (பதில் வந்ததும் ஓடும் கோடு) மெயின் திரெட்டிலேயே வந்துவிடும்" என்கிறார். பாதி உண்மை. உலகத்தைத் தவறான திரெட்டில் தொடும் பிரச்சினை அங்கே இல்லைதான். காலம் கடந்துவிட்ட பிரச்சினை அப்படியே இருக்கிறது. குவெரி அனுப்பும்போது கிளையன்ட் எண் 7-இல் இருந்தவர் போய்விட்டு, கால்பேக் வரும்போது அதே 7-இல் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். முன்னவரின் அட்மின் உரிமை பின்னவருக்குப் போய்ச் சேரும். அதனால்தான் கெட்கிளையன்ட்யூசர்ஐடி வாங்கி அனுப்பி, கால்பேக்கில் கெட்கிளையன்ட்ஆஃப்யூசர்ஐடி கொண்டு திருப்பி எடுக்கிறோம். ஆள் போயிருந்தால் 0 வரும், அங்கேயே நிறுத்திவிடலாம். பக்கெட்டில் இதற்கு ஈடு, பிளேயர் ஆப்ஜெக்ட்டைக் கையில் வைத்துக்கொள்ளாமல் யூயூஐடியை மட்டும் எடுத்துச் செல்வது. திரும்பி வந்து பக்கெட்.கெட்பிளேயர் போட்டு, நல் (ஆள் இல்லை என்ற வெறும் பதில்) வருகிறதா என்று பார்ப்பது.

அங்கே இன்னொரு வித்தியாசம், இதில் வழுக்குபவர்கள் நிறைய. சோர்ஸ் எஞ்சினின் ஈவென்ட் பெரும்பாலும் கேள்வி கிடையாது, அறிவிப்பு. பிளேயர்_டெத் ஈவென்ட்டை அது பரவுவதற்கு முன் ஓடும் பிரீ ஹுக்கில் தடுத்தாலும் செத்தவர் பிழைக்க மாட்டார். சேதி பரவுவது மட்டும்தான் நிற்கும். அடியைத் தடுக்க வேண்டுமானால் எஸ்டிகேஹுக்ஸ் என்ற நீட்டிப்பின் ஆன்டேக்டேமேஜ் இருக்கிறது. அங்கே உடனே பதில் சொல்லியாக வேண்டும். மீண்டும் அதே இடம்தான்: யாராவது உங்கள் பதிலுக்காக நிற்கிறார்களா, இல்லையா? நிற்கிறார்கள் என்றால் சிங்க், பதில் கையில் தயாராக இருக்க வேண்டும். சேதி மட்டும்தான் என்றால் சாவகாசமாக எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 16

பிராக்ஸி பற்றிக் கேட்டவருக்கு: பஞ்சிகார்டு என்ற பிராக்ஸியில் டிக் கிடையாது, உலகமும் கிடையாது. லாகின்ஈவென்ட்டில் ரெஜிஸ்டர்இன்டென்ட் போட்டால் ஈவென்ட்டே உங்களுக்காக நிற்கும், வேலை முடிந்ததும் கம்ப்ளீட்இன்டென்ட். இதை ஃபைனலிக்குள் (எரர் வந்தாலும் ஓடும் பகுதி) வையுங்கள். நடுவில் எக்ஸெப்ஷன் வந்து அந்த வரி ஓடாமல் போனால் பிளேயர் லாகின் திரையிலேயே மாட்டிக்கொள்வார். வெலாசிட்டி என்ற பிராக்ஸியில் ஈவென்ட்டாஸ்க் இதே வேலையைச் செய்யும்.

"இந்த வசதியை பிளாக்பிரேக்குக்கும் கொடுத்தால் என்ன?" என்கிறார். கொடுக்க முடியாது. பிளாக் போனால் அதன் மேலுள்ள மணல் விழ வேண்டும், பக்கத்துத் தண்ணீர் பாய வேண்டும், ரெட்ஸ்டோன் மாற வேண்டும். பதில் வரும்வரை இவை அனைத்தையும் நிறுத்திவைப்பது என்றால் டிக்கை நிறுத்துவது என்றுதான் பொருள்.

ஜூன் 18

"முதலில் கேன்சல் செய்துவிட்டு, அசிங்க்காகக் கேட்டு, சரி என்றால் பிறகு நாமே செய்துவிடலாமே?" என்று ஒருவர் கேட்கிறார். சில இடங்களில் இது அருமையான வழி. கமாண்ட், டெலிபோர்ட், கதவு திறப்பது எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். பிளாக் உடைப்பதற்கு வேண்டாம். உடைத்த பிளாக் திரும்ப முளைத்து மறுபடி மறையும், பார்க்கச் சகிக்காது. அதோடு கருவியின் தேய்மானம், எக்ஸ்பி, மந்திரங்கள், வேறு பிளகின்கள் அந்த ஈவென்ட்டில் செய்திருக்கக்கூடியவை எல்லாம் உங்கள் தலையில் விழும்.

இந்த வழியில் போனால் திரும்பி வரும்போது எல்லாவற்றையும் மறுபடி சரிபாருங்கள். ஆள் ஆன்லைனில் இருக்கிறாரா, அதே உலகமா, உயிரோடு இருக்கிறாரா, காசு இன்னும் இருக்கிறதா? கேட்டபோது உண்மையாக இருந்தது இரண்டு டிக் கழித்தும் உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஜூன் 21

ஃபோலியா. பேப்பர் என்ற சர்வர் மென்பொருளை எழுதும் குழு 2023-இல் வெளியிட்ட இன்னொரு சர்வர் மென்பொருள். மேலே நான் "மெயின் திரெட்" என்று எழுதிய ஒவ்வோர் இடத்தையும் அங்கே திரும்ப யோசிக்க வேண்டும், ஏனென்றால் மெயின் திரெட் என்று ஒன்று இல்லை. லோட் ஆன சங்க்குகளைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியும் தன் டிக்கைத் தனியாக ஓட்டுகிறது. பிளாக்பிரேக்ஈவென்ட் சிங்க்தான், ஆனால் அந்தப் பகுதிக்குச் சொந்தமான திரெட்டில். தூரத்தில் இருக்கும் இரண்டு பேர் ஒரே கணத்தில் உடைத்தால் உங்கள் லிஸனர் இரண்டு திரெட்டில் ஒரே நேரத்தில் ஓடும். இதுவரை சாதாரண ஹேஷ்மேப்போடு நிம்மதியாக இருந்த நில பிளகின் அங்கே நிம்மதியாக இருக்காது, கன்கரன்ட்ஹேஷ்மேப்புக்கு மாற்றுங்கள்.

பழைய ரன்டாஸ்க் கூப்பிட்டால் அன்சப்போர்ட்டட்ஆபரேஷன்எக்ஸெப்ஷன். இடத்துக்கு ரீஜன் ஷெட்யூலர், ஆளுக்கு என்டிட்டி ஷெட்யூலர், உலகத்தைத் தொடாததற்கு அசிங்க் ஷெட்யூலர். என்டிட்டி ஷெட்யூலரில் எனக்கு மிகவும் பிடித்தது: டாஸ்க் ஓடுவதற்குள் ஆள் போய்விட்டால் கூப்பிட இன்னொரு கால்பேக்கையும் அதுவே கேட்கிறது. 15-ஆம் தேதி எழுதிய சரிபார்ப்பை ஏபிஐயே நினைவுபடுத்துகிறது. இந்த ஷெட்யூலர்கள் பேப்பரிலும் ஓடும், புதிதாக எழுதுபவர்கள் இன்றே இவற்றில் தொடங்கலாம்.

ஜூன் 22

கடைசியாக வந்த கேள்வி: ஆன்டிஸேபிளில் ரன்டாஸ்க்அசிங்க்ரனஸ்லி போட்டால் எக்ஸெப்ஷன் வருகிறது, எப்படிச் சேமிப்பது?

வரத்தான் செய்யும். பிளகின் அணைந்துகொண்டிருக்கும்போது ஷெட்யூலர் புது டாஸ்க் வாங்காது. அங்கே சிங்க்காகவே சேமியுங்கள். எழுத உங்கள் சொந்த எக்ஸிகியூட்டர் இருந்தால், மிச்சமுள்ளதை அதில் தள்ளி, ஷட்டவுன் கூப்பிட்டு, அவெய்ட்டெர்மினேஷனில் ஒரு வரம்போடு காத்திருங்கள். மெயின் திரெட்டை நிறுத்திக் காத்திருப்பது சரியாக இருக்கும் ஒரே இடம் இதுதான். வரிசையில் நிற்கும் எந்த டாஸ்க்கும் கால்சிங்க்மெத்தடை நம்பி இருக்கக் கூடாது, மெயின் திரெட் அப்போது உங்களுக்காகத்தான் நின்றுகொண்டிருக்கும். டேட்டாபேஸ் பூலை (திறந்துவைத்த இணைப்புகளை) மூடுவது எல்லாம் எழுதி முடிந்த பிறகு.